பதினாறில் ஒன்பது

சாந்தாராமுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை.
கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவி
எண்பதாம் நம்பர் நூல், நூறாம் நம்பர் நூல் என்று
பிரித்துச் சொல்லிவிடுவார்.
ஒருமுறை நானே கட்டிப் பார்த்தேன். இருபதுக்கு இருபது.
அதனால்தான் இந்தக் கம்பி விஷயத்தில்
சட்டென்று சிரிக்க முடியவில்லை.

ஒன்றரை மீட்டர் பவர் கேபிள். உள்ளே வெள்ளி.
எழுபத்திரண்டாயிரம்.
தரையைத் தொடக் கூடாதாம்;
அடியில் வரிசையாக நாலு கருங்காலிக் கட்டை.
இருநூறு மணி நேரம் ஓடினால்தான் கம்பி பழகும் என்று
விற்ற கோயம்புத்தூர்க்காரன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.
பழகிவிட்டதாம்.
“தவில்காரர் ரெண்டடி முன்னால வந்து
உக்காந்துட்டார், பெர்பெச்சுவா.”

நான் மின்வாரியத்தில் மீட்டர் சோதிப்பவள்.
மீட்டர் பேயாக ஓடுகிறது என்று சத்தியம் செய்ய
தினம் நாலு பேர் வருவார்கள்.
சத்தியத்தை ஒரு மேசையிலும்
மீட்டரை இன்னொரு மேசையிலும் வைப்பது என் வேலை.
எனக்குத் தெரிந்த மின்சாரம்
சமயநல்லூரிலிருந்து அலுமினியத்தில் வருகிறது.
வழியில் அணில் செத்த டிரான்ஸ்பார்மர்,
பட்டத்தின் வால் சுற்றிய கம்பம்,
நரிமேட்டு முக்கில் எங்கள் ஆள் முறுக்கிவிட்ட ஒட்டு.
இத்தனையும் தாண்டி வந்தது
கடைசி ஒன்றரை மீட்டரில் திருந்துமா என்றேன்.
“காது இருக்கிறவனுக்குக் கேக்கும்” என்றார்.
காது இல்லாதவளாக எழுந்து போகலாம்.
இல்லை, எண்ணலாம்.

ஞாயிற்றுக்கிழமை. நீலாவதி கொடுத்த சுங்குடிச் சேலையை
ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் கட்டினோம்.
பூ விழுந்தால் வெள்ளி.
தலை விழுந்தால் பெட்டியோடு வந்த கறுப்பு ஒயர்.
மாற்றினாலும் மாற்றாவிட்டாலும்
ஒவ்வொரு தடவையும் பிடுங்கிச் செருகினேன்,
சத்தம் ஒன்றுபோல இருக்க.
ஒரே தவில் துண்டு, நாற்பது நொடி,
வலந்தலையில் விரல்கூடு விழும் இடம்.
மூச்சைக்கூட அளந்து விட்டேன்.
அவர் சொன்னதைப் பழைய மின்கணக்கு அட்டையின்
காலிக் கட்டங்களில் எழுதினேன்.
ஏழாவது சுற்றில் “இதான், இதான்” என்று தொடையைத் தட்டினார்.
செருகியிருந்தது கறுப்பு.

இந்த ஊர் ஒரு காலத்தில்
ஏட்டை வைகையில் விட்டு
எதிர்த்து நீந்தியதை மெய் என்றது.
இப்போது ஆற்றில் தண்ணீர் இல்லை.
அட்டைதான் இருக்கிறது.

பதினாறில் ஒன்பது.
சுண்டிவிட்ட அந்தக் காசையே உட்காரவைத்துக் கேட்டிருந்தாலும்
எட்டு சொல்லியிருக்கும்.
சாந்தாராம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு விடை இருப்பதுபோல்.
“வெயிலு. காது களைச்சுப்போச்சு.”
பிறகு, “காசு கோணலோ?”
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்லாததும் ஒன்று இருக்கிறது.
சேலைக்குப் பின்னால்,
எது செருகியிருக்கிறது என்று தெரிந்த எனக்கு
வெள்ளி வந்தபோதெல்லாம்
தவில்காரர் ரெண்டடி முன்னால் வந்தார்.
பதினாறுக்குப் பதினாறு.
நம்பாத என் காது,
அணில் செத்த டிரான்ஸ்பார்மரை அறிந்த காது,
வெட்கமில்லாமல் கேட்டது.
அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன், சின்னதாக.

கம்பியைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.
அடுத்த ஞாயிறு போனபோது
நீலாவதி அதை அரிசிக் குக்கரில் செருகியிருந்தாள்.
முனை சரியாகப் பொருந்துகிறது.
கருங்காலிக் கட்டைகள் மேல் சாம்பார்ச் சட்டி.
சாந்தாராம் கண்ணை மூடி ஒரு வாய் மென்றார்.
“சோறு இன்னிக்குக் கொஞ்சம் பூவா இருக்கில்ல?”
நீலாவதி என்னைப் பார்த்தாள்.
நான் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டேன்.
ஒரு கரண்டியை வைத்து
ஒன்றும் சொல்ல முடியாதே.